பிரைமரி விழுந்தால் திரையில் எதைப் பார்ப்பது?

டேட்டாபேஸை ஒரே சர்வரில் வைத்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் குறைவு. அதனால்தான் ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் அதைக் கிளஸ்டராக வைத்திருக்கிறது. மூன்று சர்வர் இருக்கலாம், ஐந்து இருக்கலாம், சில இடங்களில் முப்பதுகூட இருக்கும். அவற்றில் ஒன்று பிரைமரி. புதிய பதிவு, திருத்தம், நீக்கம் எல்லாம் அதில்தான் நடக்கும். மற்றவை ரெப்ளிகாக்கள். பிரைமரியில் நடந்த மாற்றங்களை வரிசை பிசகாமல் வாங்கித் தங்களிடமும் செய்துகொள்வது அவற்றின் வேலை. பிரைமரி விழுந்துவிட்டால் ரெப்ளிகாக்களில் ஒன்றை அந்த இடத்துக்கு உயர்த்துகிறோம். இதுதான் ஃபெயிலோவர்.

முன்பு இதைக் கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்துச் செய்தார்கள். இப்போது பிரவுசரைத் திறந்தால் கிளஸ்டர் முழுவதும் படமாகத் தெரிகிறது, பட்டனும் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கூட அழுத்திவிடலாம். சிக்கலும் அங்கேதான். அழுத்துவதில் ஒரு சாமர்த்தியமும் தேவையில்லை. திரையில் தெரிவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்திருப்பதுதான் வேலை. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நிரல் ஓடுகிறது. அந்த நிரல் ஏதோ ஒரு டேட்டா சென்டரில், ஏதோ ஒரு சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து அதன் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அது வரைந்து காட்டுகிறது.

மைஎஸ்கியூஎல் பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டரை எடுத்துக்கொள்வோம். ஷ்லோமி நோவாக் அவுட்பிரெயின் நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கி, புக்கிங் டாட் காமிலும் பிறகு கிட்ஹப்பிலும் வளர்த்த ஓப்பன் சோர்ஸ் கருவி இது. அதன் வெப் பக்கத்தில் ஒரு கிளஸ்டரைத் திறந்தால் இடது ஓரத்தில் பிரைமரி ஒரு பெட்டியாக நிற்கும். அதிலிருந்து கோடுகள் கிளம்பி வலப்பக்கம் ரெப்ளிகா பெட்டிகளுக்குப் போகும். சில ரெப்ளிகாக்களுக்குக் கீழே இன்னும் ரெப்ளிகாக்கள் தொங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் சர்வரின் பெயர், மைஎஸ்கியூஎல் பதிப்பு, பிரைமரியைவிட எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது என்ற லேக் எண் ஆகியவை இருக்கும். கோளாறு வந்தால் பெட்டியின் நிறம் மாறும்.

ஒரு ரெப்ளிகாவை மவுஸால் பிடித்து இன்னொன்றின் மேல் போட்டால் அது அதற்குக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். அதே ரெப்ளிகாவைப் பிரைமரி பெட்டியின் இடது பாதியில் போட்டால் கதை வேறு. இதைப் பிரைமரியாக்கச் சொல்கிறீர்கள் என்று ஆர்க்கெஸ்ட்ரேட்டர் எடுத்துக்கொள்ளும். ஒரு பெட்டியின் எந்தப் பாதியில் விரலை எடுக்கிறோம் என்பதில் ஒரு நிறுவனத்தின் மொத்த எழுத்துப் போக்குவரத்தும் இடம் மாறுகிறது. வடிவமைத்தவர்களின் துணிச்சலைப் பாராட்டலாம். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது மவுஸைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் நகர்த்துவேன்.

பிரைமரி செத்துவிட்டது என்று அது எப்படி முடிவு செய்கிறது? சாதாரணக் கண்காணிப்பு நிரல் பிரைமரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். நாலைந்து முறை பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று எழுதிவிடும். ஆனால் பிரைமரி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்க, கூப்பிடுகிறவருக்கும் அதற்கும் நடுவில் கேபிள் மட்டும் போயிருக்கலாம். அதனால் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ரெப்ளிகாக்களிடமும் விசாரிக்கிறது. தன்னால் பிரைமரியைத் தொட முடியவில்லை, ஆனால் ரெப்ளிகாக்கள் அதிலிருந்து மாற்றங்களை வாங்கிக்கொண்டே இருக்கின்றன என்றால், கோளாறு தன் பக்கத்தில்தான் என்று புரிந்துகொண்டு பேசாமல் இருக்கும். தன்னாலும் முடியவில்லை, ரெப்ளிகாக்களுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்றால்தான் மரணச் சான்றிதழ். இந்த இரண்டு நிலைக்கும் திரையில் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்று ‘எட்டவில்லை’, மற்றொன்று ‘செத்துவிட்டது’. அவசரத்தில் முதலாவதை இரண்டாவதாகப் படித்து, கையால் ஃபெயிலோவர் செய்து, உயிரோடிருந்த பிரைமரிக்குப் போட்டியாக இன்னொன்றை உருவாக்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

அடுத்து அந்த லேக் எண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபெயிலோவர் நடக்கும்போது எவ்வளவு தரவு போகும் என்பது இதில்தான் இருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான முறையில் பிரைமரி ஒரு பதிவை முடித்ததும் வாடிக்கையாளருக்கு ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். ரெப்ளிகாவுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பெரும்பாலும் அடுத்த கணமே போய்விடும். பிரைமரி அந்தக் கணத்துக்குள் விழுந்தால், ‘ஆயிற்று’ என்று சொல்லப்பட்ட பதிவு ஒன்று எந்த ரெப்ளிகாவிலும் இல்லாமல் போகும். ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று மைஎஸ்கியூஎல்லே ஒரு எண் சொல்கிறது. பலர் திரையில் அதில் 0 பார்த்துவிட்டு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அளப்பது வேறு. ரெப்ளிகா வாங்கிக் கையில் வைத்திருக்கும் மாற்றங்களில் எவ்வளவு இன்னும் செய்து முடிக்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. நெட்வொர்க் மந்தமாகி மாற்றங்கள் கைக்கே வந்து சேராவிட்டால், வந்த கொஞ்சத்தையும் செய்து முடித்துவிட்ட ரெப்ளிகா பெருமையாக 0 என்று காட்டும். பிரைமரியோடு தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டால் எண்ணே வராது.

இதனால் விவரம் தெரிந்தவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பிரைமரியில் ஒரு சின்ன அட்டவணையில் வினாடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதுகிறார்கள். ரெப்ளிகாவில் அதே அட்டவணையைத் திறந்து, கடைசியாக வந்த நேரம் எது என்று பார்க்கிறார்கள். இப்போதைய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான லேக். ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டால் பெட்டியில் அந்த எண்ணையே காட்டும். உங்கள் திரையில் தெரியும் எண் இந்த இரண்டில் எது என்று அமைதியான ஒரு நாளில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

போஸ்ட்கிரெஸ் பக்கம் பலர் பயன்படுத்தும் பட்ரோனி இதற்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பிரைமரியின் கடைசி நிலையைவிட இத்தனை பைட்டுக்கு மேல் பின்தங்கிய ரெப்ளிகா தானாகப் பிரைமரியாக முடியாது. யாரும் மாற்றாவிட்டால் அந்த வரம்பு 1 எம்பி. படங்கள் வைக்கும் தளத்துக்கு 1 எம்பி ஒன்றுமே இல்லை. பணப் பரிமாற்றம் பதியும் இடத்தில் 1 எம்பிக்குள் ஆயிரக்கணக்கான வரவு செலவு அடங்கிவிடும். அந்த எண்ணை மாற்றாமல் விட்டிருக்கும் நிறுவனம் எதுவானாலும், தான் எவ்வளவு இழக்கத் தயார் என்ற முடிவைக் கருவியை எழுதியவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கடினம். பழைய பிரைமரியை என்ன செய்வது? அது உண்மையிலேயே செத்திருந்தால் பிரச்சினையில்லை. அரைமயக்கத்தில் இருந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எழுந்தால்? தன்னை யாரோ பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் அதில் எழுதும், மற்றவை புதியதில் எழுதும். ஒரே வரிசை எண் அச்சிட்ட இரண்டு ரசீதுப் புத்தகங்களை இரண்டு கவுன்ட்டரில் கொடுத்தது போலத்தான். 4501 என்ற எண்ணில் ஒரு கவுன்ட்டரில் ஒருவருக்கும் அடுத்த கவுன்ட்டரில் வேறொருவருக்கும் ரசீது போயிருக்கும். சாயங்காலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. இதற்குத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்று பெயர்.

இதைத் தடுக்கப் பழைய பிரைமரியை வெட்டிவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தலாம், நெட்வொர்க்கில் வழியை அடைக்கலாம், குறைந்தபட்சம் எழுத முடியாத நிலைக்குத் தள்ளலாம். எளிமையான ஒரு வழக்கம் உண்டு. எந்த மைஎஸ்கியூஎல் சர்வரும் எழுந்திருக்கும்போது ‘படிக்க மட்டும்’ என்ற நிலையிலேயே எழட்டும், பிரைமரி என்று யாராவது சொன்ன பிறகே எழுத அனுமதி என்று அமைப்புக் கோப்பில் போட்டுவிடுவார்கள். சர்வர் விழுந்து எழுந்தால் இது காப்பாற்றும். விழவே இல்லை, நெட்வொர்க் மட்டும்தான் அறுந்தது என்றால் காப்பாற்றாது.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் நடந்தது அந்த இரண்டாவது வகை. நடந்ததை மணிவாரியாக அவர்களே பிறகு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுதாகிக்கொண்டிருந்த 100ஜி ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான வேலை நடந்தது. உலக நேரம் இரவு 10:52-க்கு அங்குள்ள நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 வினாடியில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

கிட்ஹப்பின் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஒரே இடத்தில் இருக்கவில்லை. கிழக்கு டேட்டா சென்டர், மேற்குக் கரை டேட்டா சென்டர், கிழக்கில் வாடகைக்கு எடுத்த கிளவுட் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரும்பான்மை சேர்ந்தால்தான் முடிவெடுக்கலாம் என்பது விதி. தொடர்பு அறுந்ததும் மேற்கும் கிளவுடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கிழக்கு டேட்டா சென்டரைக் காணோம். பெரும்பான்மை கைவசம் இருந்தது. விதிப்படியே மேற்கிலிருந்த ரெப்ளிகாக்களைப் பிரைமரிகளாக உயர்த்திவிட்டன. கருவி தவறு செய்யவில்லை. என்ன செய்யச் சொல்லி அமைத்திருந்தார்களோ அதைத்தான் செய்தது.

தொடர்பு திரும்பியபோது கிழக்குச் சர்வர்களில் மேற்குக்குப் போய்ச் சேராத சில வினாடிப் பதிவுகள் இருந்தன. மேற்கிலோ புதிய பதிவுகள் ஏறத் தொடங்கியிருந்தன. இரண்டு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாதது இருந்ததால், பிரைமரியைப் பழையபடி கிழக்குக்குத் திருப்பவும் வழியில்லை. 11:02-க்குப் பொறியாளர்கள் ஆர்க்கெஸ்ட்ரேட்டரைக் கேட்டுப் பார்த்தபோது, கிளஸ்டர் படத்தில் மேற்குக் கரைச் சர்வர்கள் மட்டுமே இருந்தன. கிழக்குச் சர்வர்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் படத்தில் இல்லை. திரையை மட்டும் பார்த்து வேலை செய்கிறவர் அந்த நேரத்தில் என்ன முடிவெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் அன்று தெரியவந்தது. டேட்டாபேஸ் மேற்கே போய்விட்டது, ஆனால் அதைக் கூப்பிடும் நிரல்கள் கிழக்கிலேயே இருந்தன. ஒரு பக்கத்தைக் காட்டப் பல கேள்விகள் கேட்க வேண்டும், ஒவ்வொரு கேள்வியும் கண்டத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். தாமதம் தாங்க முடியவில்லை. டேட்டாபேஸ் கணக்கில் ஃபெயிலோவர் வெற்றி, தளம் மட்டும் பலருக்கு வேலை செய்யவில்லை. கடைசியில், மேற்கில் ஏறிய சுமார் 40 நிமிடப் பதிவுகளைத் தூக்கி எறிவதில்லை, தளம் முடங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை, தரவுதான் முக்கியம் என்று முடிவு செய்தார்கள். கிழக்குக் கிளஸ்டர்களைப் பேக்கப்பிலிருந்து மறுபடி கட்டினார்கள். பேக்கப் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத்தான் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது தொலைவில் ஒரு கிளவுட் சேமிப்பில் இருந்தது. பல டெராபைட்டை இறக்கி, விரித்து, சரிபார்த்து ஏற்றப் பல மணி நேரம் போயிற்று. கிழக்கில் மட்டும் தங்கிப்போன பதிவுகள் எண்ணிக்கையில் சொற்பம்தான். மிகவும் பரபரப்பான கிளஸ்டர் ஒன்றில் அவை 954. அந்தச் சொற்பத்துக்காகத்தான் ஒரு நாள் முழுக்க இந்தப் பாடு. அதற்குப் பிறகு, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பிரைமரி தானாகத் தாவக் கூடாது என்று அமைப்பை மாற்றினார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். டேட்டா சென்டருக்குள்ளேயே நடக்கும் ஃபெயிலோவரைக் கருவியிடம் விட்டுவிடலாம், பெரும்பாலும் மனிதரைவிட அது நன்றாகவே செய்யும். ஊர் விட்டு ஊர் போவதை மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் ‘இதற்கு முன்னுரிமை’, ‘வேறு வழியில்லாவிட்டால் மட்டும்’, ‘இது ஒருபோதும் கூடாது’ என்று குறிக்கலாம். பேக்கப் எடுக்க வைத்திருக்கும் சர்வர், அறிக்கை தயாரிக்கிறவர்கள் போட்டு நசுக்கும் சர்வர், தூர ஊரில் இருக்கும் சர்வர் இவற்றுக்கெல்லாம் மூன்றாவது குறியைப் போடத் தயங்க வேண்டாம்.

பட்டன்களில் இரண்டு வகை உண்டு, திரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்று திட்டமிட்ட மாற்றம். பிரைமரி நலமாக இருக்கும்போது செய்வது. கருவி முதலில் பிரைமரியில் எழுதுவதை நிறுத்தும், ரெப்ளிகா கடைசிப் பதிவுவரை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும், பிறகே பதவியை மாற்றும். ஒரு பதிவும் போகாது. சில வினாடி எழுத முடியாமல் இருக்கும், அவ்வளவுதான். மற்றொன்று கட்டாய மாற்றம். காத்திருப்பு கிடையாது, இருந்தது இருந்தபடி உயர்த்திவிடும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில், தரவு இழப்பு வரக்கூடிய ஃபெயிலோவரைத் தேர்ந்தெடுத்தால், அதைத் தெரிந்தே செய்கிறேன் என்று தனியாக டிக் செய்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போக முடியும். எரிச்சலூட்டும் பக்கம்தான், ஆனாலும் எல்லாக் கருவியிலும் இருக்க வேண்டிய பக்கம். அமேசானின் ஆர்டிஎஸ்ஸில் இது ரீபூட் செய்யும் இடத்திலேயே ஒரு சின்ன டிக் பெட்டியாக இருக்கிறது. அங்கே துணைச் சர்வருக்கு ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் போய்விடுவதால் இழப்புக் கவலை குறைவு. மாற்றம் முடிய வழக்கமாக 60 முதல் 120 வினாடி ஆகும் என்கிறார்கள்.

யார் அழுத்தலாம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரேட்டரை நிறுவி அப்படியே விட்டால் 3000 என்ற போர்ட்டில் பாஸ்வேர்ட் ஏதும் கேட்காமல் திறக்கும். அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் பெட்டியை இழுக்கலாம். பார்க்க மட்டும் என்ற நிலை அதிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிட்டு, மாற்றும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வைப்பது அரைமணி நேர வேலை.

இவ்வளவு எச்சரிக்கையும் சொல்லிவிட்டு, கட்டளை அடிக்கும் பழைய முறையே மேல் என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபில் ரெப்ளிகேஷன் கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாவது சர்வரில் காலி செய்வதாக நினைத்த டேட்டா டைரக்டரியைப் பிரைமரியில் அழித்தார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. கறுப்புத் திரையில் இரண்டு சர்வரும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம். எது பிரைமரி என்று படத்தில் பெரிதாகக் காட்டும் பக்கம் அருகில் திறந்திருந்தால் கை ஒரு கணம் நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

ஃபெயிலோவர் முடிந்து திரை பச்சையானதும் எழுந்து போய்விடாதீர்கள். நிரல்கள் புதிய பிரைமரியைத்தான் கூப்பிடுகின்றனவா என்று திரைக்கு வெளியே பார்க்க வேண்டும். ஒருமுறை கேட்டறிந்த முகவரியைச் சில நிரல்கள் மறுபடி கேட்காமல் வைத்துக்கொண்டிருக்கும், அவற்றை ரீஸ்டார்ட் செய்யாமல் தீராது. புதிய பிரைமரியின் நினைவகத்தில் அடிக்கடி தேவைப்படும் தரவு இன்னும் ஏறியிருக்காது. முதல் சில நிமிடம் டிஸ்க்கைத் தேடி ஓடித் திணறும். அதைப் பார்த்துப் பயந்து உடனே திருப்பி மாற்றினால் தொல்லை இரட்டிப்பாகும். பழைய பிரைமரியை அப்படியே ரெப்ளிகாவாகச் சேர்த்துவிடவும் கூடாது. புதியதற்குப் போய்ச் சேராத பதிவு அதில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து, எடுத்து வைத்துவிட்டு, பிறகு புதிதாகத் தரவேற்றிச் சேர்ப்பதே நல்லது. ராத்திரி எங்கிருந்து பேக்கப் எடுக்கப் போகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேற்றுவரை ரெப்ளிகாவாக இருந்த சர்வரில் அந்த வேலை இன்னும் குறிக்கப்பட்டிருக்கும். இப்போது அது பிரைமரி.

பிறகு ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் மீட்புப் பதிவேட்டுப் பக்கம். ஒரு கிளஸ்டரில் ஃபெயிலோவர் நடந்தால், பிரைமரி பதவி சர்வர் சர்வராகத் தாவாமல் இருக்க, யாரும் மாற்றாத அமைப்பில் அடுத்த 3600 வினாடிக்கு அந்தக் கிளஸ்டரில் இன்னொன்றைத் தானாகச் செய்யாது. அந்த ஒரு மணி நேரத்தில் புதிய பிரைமரியும் விழுந்தால் கருவி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும், மனிதர்தான் வந்து செய்ய வேண்டும். அந்தத் தடையை முன்கூட்டியே நீக்க, பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு காரணம் ஒரு வரி எழுத வேண்டும். என்ன நடந்தது, பழைய சர்வர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். காலை ஷிப்டுக்கு வருகிறவர் முதலில் திறந்து படிக்கும் இடம் அதுதான்.